கடன்சொல்

பணகுடிக்குத் தெற்கே மேட்டுக்காட்டில்
அறுபத்திரண்டு காற்றாலைகளுக்கு
ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறை.
இரவு ஷிஃப்டில் நான்.
திரையில் பச்சைப் புள்ளி சிவப்பானால்
ஞானதிரவியத்துக்குப் போன் அடிக்க வேண்டும்.
அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போவான்.
மற்ற நேரமெல்லாம் என்னுடையது.

அந்த நேரத்தில்தான் துவேக்கைக் கண்டுபிடித்தேன்.
கண்டுபிடித்தேன் என்பது பொய். உட்கார்ந்து செய்தது.
பழுதுப் பதிவேட்டின் பின்பக்கம்
பென்சிலால் ஒன்பது தீவு.
ஜனத்தொகை நாலாயிரத்துப் பத்து.
ஒரு தபால் ஆபீஸ். ராணுவம் கிடையாது.
சுற்றிலும் பவளப்பாறை. துறை என்று ஒன்று இல்லை.
யாரும் வரவேண்டாம் என்றுதான் அப்படி வைத்தேன்.

பிறகு அவர்களுக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

தாயும் கிடையாது, உடன்பிறப்பும் கிடையாது;
எந்த மொழிக் குடும்பத்தின் ரேஷன் கார்டிலும்
பெயர் சேராத பேச்சு.
விதி ஒன்றுதான்: தமிழ் உள்ளே வரக்கூடாது.
ழகரம் இல்லை. மரியாதைப் பன்மை இல்லை.
அத்தை, மைனி, கொழுந்தன், சம்பந்தி
எல்லாருக்கும் சேர்த்து ஒரே சொல், ஹெக்.
(அதைச் செய்த அன்று
கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.)
காற்றுக்கு மட்டும் பதினோரு சொல்,
கதவை அது என்ன செய்கிறது என்பதை வைத்து.
சாத்தும் காற்று எஸ்ட்.
திறக்கும் காற்று எஸ்ட்வா.
கதவில்லாத வீட்டுக்கு வருவது நொக்.
இறந்தகாலம் கிடையாது.
போனதை 'இங்கே இல்லை' என்பார்கள்.
என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனதை
அதில் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றே சொல்லில் முடிந்தது.

ஆடியில் ஒரு நாள்
ஞானதிரவியம் பதிவேட்டைப் புரட்டிவிட்டான்.
'என்னக்கா இது, ஜெபக்கூட்டத்துல
அந்நியபாஷை பேசுவாங்கள்லா, அதா?'
'இல்ல. இதுக்கு இலக்கணம் இருக்கு.'
அவன் சிரிக்கவில்லை. டீ ஆறும்வரை படித்தான்.
கிளம்புகையில் கதவு தானாகத் திறந்துகொண்டது.
'எஸ்ட்டுவா' என்றான்.
உச்சரிப்பு தப்பு.
தப்பாகப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

ஐப்பசியில் காற்று படுத்துவிடும்.
ஒரு விடிகாலை, பதிவேட்டில் அவன் கையெழுத்து:
நாற்பத்தேழாம் எண். பையூ.

பையூ?

அகராதியை மூன்று தடவை பார்த்தேன்.
அப்படி ஒரு சொல்லை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.
போன் போட்டேன்.
'பைய வருதுல்லாக்கா காத்து, அதான்.
பன்னிரண்டாவதுன்னு வச்சுக்கிடுங்க.'

சிவப்புப் பேனாவால் அடித்தேன்.
ராதாபுரம் தாலுகாவை மொத்தமாக
வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்;
அது புறவாசல் வழியாக வந்து
சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே
நாற்பத்தேழின் ஓர் இறக்கை
உச்சிக்குப் போய், யோசித்து,
பிறகு இறங்கிக்கொண்டிருந்தது.
என் பதினொன்றில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

அடித்ததற்குக் கீழே எழுதினேன்:
பையூ. பெயர்ச்சொல்.
கதவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் காற்று.
கடன்சொல். மூலம் திருநெல்வேலிச் சீமை.
யார் வழியாகத் தீவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்று எழுதிவிட்டுச்
சும்மா இருக்க முடியவில்லை.
ஒரு சொல் தானாக நீந்திப் போகாது.
உவரியிலோ கூட்டப்புளியிலோ கிளம்பிய வள்ளம்
திசை தப்பியிருக்க வேண்டும்.
குடிதண்ணீர் தீர்ந்த ஒருவனை
நாலு பேர் பாறைக்கு மேலாகத் தூக்கி வந்திருப்பார்கள்.
முதுகு உரச உரச,
'பைய... பைய...' என்றிருப்பான் அவன்.
அப்போது வீசிய காற்றின் பெயர் அது என்று
அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வரைபடத்தை எடுத்தேன்.
மூன்றாம் தீவின் வடமேற்கில்
ரப்பரால் பாறையைக் கொஞ்சம் துடைத்து
ஒரு துறை வைத்தேன்.
சின்னதுதான். ஒரு வள்ளம் நிற்கும்.
பிறகு ஜனத்தொகையையும் திருத்தினேன்.
நாலாயிரத்துப் பதினொன்று.